காலிக் கொக்கிகள்

காலையில் அவள் எண் பொறித்து, மெருகேற்றி மாட்டிய பித்தளை டோக்கன், மதியத்துக்குள் பச்சை பூத்திருந்தது. தொட்டால் உடம்புச் சூடு.

பழைய ஆலையின் வாசல் அறை அது. ரசாயன நிறுவனத்தின் நூறாவது ஆண்டுக்காக அதைக் காட்சிக்கூடமாக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் முந்நூறு கொக்கிகள் கொண்ட பலகை. உள்ளே போகிறவன் தன் எண்ணுள்ள டோக்கனை எடுத்துப் போவான். வெளியே வந்ததும் திரும்ப மாட்டுவான். கொக்கி காலி என்றால் ஆள் உள்ளே.

வாயு கசிந்த அன்று முப்பத்தெட்டுக் கொக்கிகள் காலியாகவே நின்றன. செத்தது ஒன்பது பேர் என்றது நிறுவனம். இருபத்திரண்டு வருடமாக அதையேதான் சொல்கிறது. மீதி இருபத்தொன்பதுக்கும் இப்போது புது டோக்கன் மாட்டச் சொல்லியிருந்தார்கள். அதில் 214 அவளுடைய அண்ணன். அன்று அவன் வேலைக்கே வரவில்லை, வீட்டைவிட்டு ஓடியிருக்கலாம் என்று அம்மாவிடம் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவன் உள்ளே போனதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் காலிக் கொக்கி. படம் எடுக்கலாமென்றால், கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

அறையின் மறுபக்கம் ஆலைக்குள் போகும் இரும்புக் கதவு, விளிம்பு முழுக்கப் பற்றவைத்து மூடியது. ஒவ்வொரு டோக்கனை மாட்டியதும் அதற்குப் பின்னால், ஈரத்தரையில் ரப்பர் பூட்ஸ் இழுபடும் சத்தம் ஒன்று வெகுதூரத்திலிருந்து மெல்ல வந்து, கதவை ஒட்டி நின்று, ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. கூடவே மக்கிய வைக்கோலின் வாசனை, வாயு கசிந்த அன்று ஊரெல்லாம் அடித்த அதே வாசனை. எலி என்று நினைத்தாள் முதலில். எலி இருமாது.

இருபத்தெட்டு மாட்டியாயிற்று. இருபத்தெட்டு இருமல். மிச்சம் 214. அதை மட்டும் மாட்டாமல் கைக்குள் வைத்திருந்தாள்.

சாயங்காலம் விளம்பர அதிகாரி வந்தார், சென்ட் மணக்க.

"ஒன்பதுதானேம்மா காலியா இருக்கணும், இன்னும் ஒண்ணு இருக்கே. நாளைக்குத் திறப்பு விழா."

"அந்த ஆளு அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு எழுதிக் குடுத்தீங்களே சார். வராதவன் எப்படி டோக்கனை எடுத்தான்?"

அவர் சிரித்தார். "பழைய பலகை. எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும்."

"இருபத்தொன்பதும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல விழுந்துச்சா?"

"நீ நம்பர் வெட்ட வந்தியா, வம்பு வளக்க வந்தியா? குடு இப்படி."

அவள் முஷ்டிக்குள் டோக்கனின் விளிம்பு சதையில் பதிந்தது. கதவுக்குப் பின்னால் இருபத்தெட்டு மூச்சுகள். காத்திருந்தன. அவருக்குக் கேட்கவில்லை. எப்போது கேட்டது இவர்களுக்கு? அவள் அவரை எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை.

"இந்தாங்க சார். உங்க கையாலேயே மாட்டுங்க."

மாட்டினார்.

பூட்ஸ் சத்தம். நின்றது. இருமல்.

கதவின் பற்றவைத்த விளிம்பு மெழுகாய் இளகி வழிந்தது.

"யாருடா அங்க?" என்றார் அதிகாரி.

திறந்தது. வரிசை. ஈரத்துண்டு கட்டிய வாய்கள். வெள்ளை விழிகள். முதலில் நின்றவன் அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்தான். சட்டைக் கை கருகியது. பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம். அலறல் கைமாறிக் கைமாறி ஆலைக்குள் போய்த் தேய்ந்தது.

வரிசை விலகியது. கடைசியில் அண்ணன். அதே இருபது வயது. இப்போது அவளைவிட எவ்வளவோ சின்னவன்.

அவளைப் பார்த்ததும் துண்டை இறக்கினான். "குட்டி" என்று கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. மஞ்சள் புகை வந்தது. தரையைத் தடவிக்கொண்டு. அவள் கால்களை நோக்கி.

குரல் வராததில் அவன் முகம் சுருங்கியது. இன்னும் அகலமாய் வாயைத் திறந்தான்.