காயாத கிரீஸ்

"இரும்புக்குக் கோலம் போடுறியாம்மா?"

துளசிராமன் கேட்டுவிட்டுச் சிரித்தான். எளாவூரில் கல்கத்தா ரோட்டோரம் ரங்கசாமியின் பழைய இரும்புக் கடை. அவர் மகள் சந்திரகலா, ஒரு கார் இன்ஜின் பிளாக்கில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"விரிசல் இருந்தா எண்ணெ கசிஞ்சு கோடு காட்டும். பாருங்க... ஒண்ணுமில்ல. அம்பத்துநாலாம் வருசத்து பிளாக்கு. சொவுரு கனம். சிலிண்டர் ஓட்டைய அகலமா கடைஞ்சு போர் அடிச்சாலும் தாங்கும். நீங்க பாத்து வெச்ச அந்தப் புது பிளாக்கு தாங்காது."

நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ!

அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். மெக்கானிக் ஆயிற்றே... ஒரு பெண் சொல்லியா கேட்பது?

"என் ரேஸ் வண்டிக்குத் துருப்புடிச்ச இரும்பா? போம்மா!"

பளபளத்த புதுசையே வாங்கிக்கொண்டு போனான். அது அறுபத்தேழு, ஆடி மாதம்.

அந்த நாளில் மாசி பிறந்தால் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார் ரேஸ். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கிளம்பிவிடும். அங்கே தன் கையால் கட்டிய வண்டி ஓட வேண்டும்... துளசிராமனுக்கு அது ஒன்றுதான் ஆசை. ஆனால் போர் அடித்து மெலிந்த புது பிளாக், ஐப்பசி வெள்ளோட்டத்திலேயே வெடித்துத் தண்ணீர் கக்கியது.

கொட்டும் மழையில் கடை வாசலில் வந்து நின்றான்.

"அந்தப் பழசு... வித்துட்டீங்களா?"

சந்திரகலா திரும்பவில்லை. "துருப்புடிச்ச இரும்புதானே... மூலையில கெடக்குது."

சாக்கை விலக்கி, சிலிண்டருக்குள் விரலை விட்டான். துரு இல்லை. ஈரம் காயாத கிரீஸ்! காலையில்தான் தடவியிருக்க வேண்டும்.

"மூணு மாசமா... தெனம் தடவிக்கினு இருந்தியா?"

"நாலு பேரு கேட்டாங்க. நைனா கூட திட்டுச்சு. அதுக்கு ஆள் வருவாருன்னு சொல்லிட்டேன்."

"நான் வராமயே போயிருந்தா?"

"இன்னா பண்றது... தடவிக்கினே இருந்திருப்பேன்."

அவன் இத்தனை நாள் கட்டிக் காத்த வீறாப்பு மழையோடு போயிற்று.

"பிளாக்குக்காக மட்டும் வந்தேன்னு சொன்னா பொய்யி, சந்திரகலா. புதுசு வெடிச்சப்போ எனக்கு வருத்தமே வரல... உன்னைப் பாக்க ஒரு சாக்கு கெடச்சுதேன்னு இருந்துச்சு."

கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"பிளாக்க அப்புறம் தூக்கலாம்... நைனா உள்ளதான் இருக்குது. மொதல்ல அதாண்ட பேசுங்க."