பின்சீட்டுக் கைப்பிடி

அரியலூரில் கண் முகாம் நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் அந்த அம்பாசிடர் வந்து நின்றபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தது. எழுபத்தெட்டாம் வருடத்து ஐப்பசி. நான்கு நாளாக வெயில் தலைகாட்டவில்லை.

என் மாமியார் கலியம்மாளுக்குக் கண்புரை அறுத்து அன்றைக்கு ஆறாம் நாள். இரண்டு கண்ணையும் மூடிக் கட்டியிருந்தார்கள். குனியக் கூடாது, குலுங்கக் கூடாது, கட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால்தான் பஸ் வேண்டாம் என்று வாடகைக் கார் பேசினோம். வீட்டுக்காரர் முந்திரி ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். உடையார்பாளையத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் அத்தையைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு.

டிரைவர் பெயர் வெள்ளைச்சாமி. முப்பது வயது இருக்கும். ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிட்டான். முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தான். அதையும் மீறி உள்ளே பாசி வாடை அடித்தது. வெகுநாள் இறைக்காத கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

அத்தையை இடப்பக்கம் உட்காரவைத்தேன். நான் சுற்றிவந்து வலப்பக்கக் கதவோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று பார்த்தால் கைப்பிடி இல்லை. அது மாட்டுகிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு இரும்பு முளை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"கைப்புடி எங்க தம்பி?"

அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "ஒண்ணுதாங்க்கா இருக்கு. எல்லாக் கதவுக்கும் இதான். மாட்டி வெச்சா ஏறுறவங்கல்லாம் திருகித் திருகி ஒடச்சிப்புடறாங்க."

"சரி, குடு. எறக்கிட்டுத் தரேன்."

"மழ உள்ள வரும்க்கா."

தரவில்லை. அந்தக் காலத்து வாடகைக் கார் பலதும் அப்படித்தான். நானும் பெரிதாக நினைக்கவில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்போம். அத்தை முகத்தைச் சுளித்தார்.

"தள்ளி ஒக்காரேன்டி தனம். இம்மாம் பெரிய வண்டியில எம் மேலயே சாயணுமா?"

"நான் கதவோரமா இருக்கேன் அத்த."

"அப்ப இது யாரு, ஈரமா ஒட்டிக்கிட்டு?"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"கண்ணக் கட்டிவுட்டா, கெழவிகிட்ட வெளாடிப் பாக்குறா" என்று அத்தை சிரித்தார். நான் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டேன். என் பக்கத்துத் தோளில் ரவிக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பின்பக்கக் கண்ணாடிகள் ஏறியிருந்தன. கூரை ஒழுகவில்லை.

முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் வெள்ளைச்சாமியின் கண்கள் தெரிந்தன. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. எங்கள் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி வழியில் ஓடை ரோட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எதிரே பஸ்ஸே திரும்பிப் போனது.

"ஏரிக்கர வழியா போயிடலாமே" என்றேன்.

"அந்த வழி வேணாங்க்கா. அரியலூருக்கே திரும்பிடலாம்."

"ஏன்டா தம்பி?" என்றார் அத்தை. "கரையில ஒம் பொண்டாட்டி வெளக்கமாத்தோட நிக்கிறாளா? வுடுடா வண்டிய."

அவன் சிரிக்கவில்லை. நானும் விடாமல் வற்புறுத்தினேன். அந்த வழியில் போகச் சொன்னவள் நான்தான். இன்றைக்கும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

கரையில் ஏறியதும் மழை வலுத்தது. இடப்பக்கம் ஏரி விளிம்பு வரை தளும்பியது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

டொக்.

டொக். டொக்.

"எதுக்குடி கண்ணாடியத் தட்டுற?" என்றார் அத்தை.

நான் தட்டவில்லை. அத்தை பக்கத்துக் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு சின்ன உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்து மறைந்தது.

வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் கரை மண் சரிந்தது.

கார் உருளவில்லை. மாடு தண்ணீருக்கு இறங்குவது போல மூக்கை முன்னே நீட்டி இறங்கியது. எஞ்சின் கனம் முன்பக்கத்தை அமுக்கியது. கை காட்டுவதற்காக அவன் பக்கக் கண்ணாடி மட்டும் இறக்கியிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அதன் வழியாகவே அவன் நுழைந்து வெளியே போனான். அவன் இரண்டு பாதங்களும் கடைசியாகத் தெரிந்தன.

கைப்பிடி அவன் சட்டைப் பையோடு போய்விட்டது.

கதவை உதைத்தேன். வெளியே யானை சாய்ந்து நிற்பது போல அசையவில்லை. அத்தைக்குக் கஞ்சி கொண்டுபோன தூக்குவாளியால் கண்ணாடியை அடித்தேன். வாளிதான் நசுங்கியது. இரும்பு முளையை விரலால் திருகிப் பார்த்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். முன்சீட்டு முழுகிவிட்டது. பின்னால் கூரையை ஒட்டி ஒரு முழம் காற்று இருந்தது.

மூச்சைப் பிடித்து முங்கினால் டிரைவர் போன வழியில் நான் போய்விடலாம். கனத்த உடம்பு, கட்டிய கண், அறுபத்தைந்து வயது. அத்தையால் முடியாது.

அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"நீ போடி. வூட்டுல சின்னப்புள்ள இருக்கு."

"பேசாம இருங்க அத்த."

"போடின்னா!"

"போவ மாட்டேன். வாய மூடிக்கிட்டுத் தலையத் தூக்கி வெச்சிக்குங்க."

மாமியாரை வாயை மூடு என்று சொன்னது அந்த ஒரு நாள்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. என் இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தியிருந்தேன். கட்டு நனைந்துவிடக் கூடாதே என்று அப்போதும் நினைத்தேன், பாருங்கள்.

என் கைக்குள் அத்தையின் தலை மறுபக்கம் திரும்பியது.

"சரி, சரி. குடு" என்று யாரிடமோ சொன்னார்.

தண்ணீருக்குள்ளிருந்து அவர் கை மேலே வந்தது. அதில் ஒரு கைப்பிடி இருந்தது.

நான் யோசிக்கவில்லை. வாங்கி, தடவித் தடவி, அத்தை பக்கத்து முளையில் மாட்டித் திருகினேன். கண்ணாடி இறங்க இறங்க ஏரி உள்ளே பாய்ந்தது. கைப்பிடி கழன்று என் கையோடு வந்தது. அதோடு அத்தையின் முந்தானையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு அவரை முன்னால் தள்ளினேன். பின்னாலிருந்து என்னையும் ஏதோ தள்ளியது. சின்னதாக இரண்டு கை. இடுப்பில்.

கரைக் கல்லில் முட்டி தேயத் தவழ்ந்து ஏறினோம். வெள்ளைச்சாமி சேற்றில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்ததும் சட்டைப் பைக்குள் கைவிட்டான். அவன் கைப்பிடி அங்கேயே இருந்தது. பளபளப்பாக.

என் கையில் இருந்தது துருப்பிடித்திருந்தது. அதில் பாசி நூல்நூலாகத் தொங்கியது.

"அது எங்கேர்ந்து கெடச்சது?" என்றான்.

"நீ சொல்லு."

"மூணு வருசம் முன்ன... இதே வண்டி, இதே எடம். ஒரு சின்னப் பொண்ணத் தனியா ஏத்திக்கிட்டு, அது மாமன் வூட்ல வுட வந்தேன். நான் நீந்தி வெளிய வந்துட்டேன். கைப்புடி எம் பையிலயே இருந்துச்சு. கேட்டா என்ன சொல்றதுன்னு... அத ஏரியில வீசிட்டேன்க்கா. இது அப்புறம் வாங்குனது."

அத்தைதான் பேசினார். இடது கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. வலது கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

"தனம், இந்தக் கையில ஒரு புள்ளயப் புடிச்சிக்கிட்டே வந்தேனே. கரை ஏறுற வரைக்கும் இருந்துச்சே. அது எங்க?"

கரையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை.

அத்தைக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று தப்பியது. பத்து நாள் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டைப் பிரித்தபோது, அந்த ஒற்றைக் கண் முதலில் என் முகத்துக்கு வரவில்லை. எனக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கொஞ்ச நேரம் நின்றது.

"இவளுக்கும் ஒரு தட்டு வைடி" என்றார்.

வைத்தேன். அத்தை இருந்தவரை வைத்தேன். அத்தை போன பிறகும் நிறுத்த மனம் வரவில்லை.

வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை, கண்ணுகளா. மழை நாளில் மட்டும் வீட்டில் ஒரு ஜன்னலும் மூடியிருக்காது. நேற்றுகூடச் சாரல் அடிக்கிறதே என்று எல்லாக் கதவையும் சாத்தி, கொக்கியும் மாட்டிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போனேன். பால் பொங்குவதற்குள் திரும்பி வந்து பார்த்தேன்.

எல்லாம் விரியத் திறந்திருந்தன. ஆணியில் மாட்டியிருந்த துருப்பிடித்த கைப்பிடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் மூடவில்லை. தரையைத் துடைத்துவிட்டு, தட்டை எடுத்து வைத்தேன்.