வாய்க்காலில் மிச்சப் பனி

அன்று லண்டனின் வால்தம்ஸ்டோ வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: லக்‌ஷனின் மனைவி கஜந்தினி, லக்‌ஷனின் தகப்பன் ஆனந்தராஜா, லக்‌ஷனோடு மலைக்குப் போய்த் தனியே திரும்பிய அபிஷன், போகாமல் லண்டனில் இருந்தபடி வழி சொன்ன நிசாந்தன். நான்கு பேர். லக்‌ஷன் இல்லை. அவன் சுவிஸ் மலையொன்றில், பனிக்கும் பாறைக்கும் இடையிலிருந்த வெடிப்புக்குள் பத்தொன்பது நாளாகக் கிடந்தான்.

மே மாதத்து ஞாயிறு பின்னேரம். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அபிஷன் தன் மலைப்பையைத் திறந்து, லக்‌ஷனின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவில் வைத்தான். பையின் அடியில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கருவி கிடந்தது.

"இது என்ன?" என்றாள் கஜந்தினி.

"என்ர பீக்கன் அக்கா. எல்லாரும் நெஞ்சில கட்டியிருப்பம். ஸ்னோவுக்குள்ள ஆள் புதைஞ்சா, மற்ற ஆள் தன்ர பெட்டியைத் தேடுற பக்கம் மாத்தலாம். புதைஞ்ச ஆள் எத்தினை மீட்டரில எண்டு காட்டும்."

"அண்டைக்கு என்ன காட்டினது?"

"முப்பத்தெட்டு. அதுக்குக் கீழ குறையேல்ல. ஹெலிகொப்டர் வந்து என்னை ஏத்திற வரைக்கும் முப்பத்தெட்டுத்தான்."

எப்படிக் காட்டும் என்று காண்பிக்கத்தான் அவன் பொத்தானை அமத்தினான். கருவி ஒருமுறை கீச்சிட்டது. சின்னத் திரையில் ஓர் அம்புக்குறியும் இலக்கமும் வந்தன.

38.

"போன் கிட்ட இருந்தா இப்பிடித்தான் பிழையாக் காட்டும்," என்று அபிஷன் உடனே அணைத்தான்.

"அவற்ற பெட்டியில பற்றறி எவ்வளவு நாளைக்கு வரும்?" என்றாள் கஜந்தினி.

"எட்டு ஒன்பது நாள்."

ஆனந்தராஜா தொண்டையைச் செருமினார். "சனம் சுவிசுக்குப் போறது கலியாண வீட்டுக்கு. இவங்கள் போறது மலையில இருந்து விழுறதுக்கு." சொல்லிவிட்டுச் சோபாவில் கிடந்த மகனின் காலுறை ஒன்றை எடுத்து மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை விரித்து, மறுபடி மடித்தார்.

"நிசா அண்ணை சொன்ன நேரத்துக்குத்தான் இறங்கினம்," என்றான் அபிஷன். "பத்து மணி. அண்டைக்கு மட்டும் ஸ்னோ இளகேல்ல. ஏனெண்டு எனக்கு விளங்கேல்ல."

கஜந்தினி நிசாந்தனைப் பார்த்தாள். "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. ஏன்?"

நிசாந்தனுக்கு ஏன் என்று தெரியும்.

"மலை எண்டா சில நாள் அப்பிடித்தான்," என்றான்.

ஏப்ரல் முடிவில் மற்றவர்கள் ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். இவர்கள் மூவருக்கும் அப்போதுதான் காலம் தொடங்கும். வடக்குப் பார்த்த பாறை இடுக்குகளில் பனி மிஞ்சியிருக்கும். மேலிருந்து கீழ்வரை அறுபடாத வெள்ளைக் கோடு. வாய்க்கால் என்று சொல்வார்கள். ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காதபடி மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு விடியமுன் ஏறி, பட்டையைக் கழற்றிவிட்டு வழுக்கி இறங்க வேண்டும். இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடி. வெயில் பட்டால் மேல் ஓர் அங்குலம் ஈரச் சீனியாக இளகும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் சொர்க்கம். முந்தினால் வழுக்கும். பிந்தினால் சரிவே கூட வரும். முழங்கால் பழுதாகி, இரவு வேலையும் போன பிறகு, அந்த மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பதுதான் நிசாந்தனின் பங்கு. செய்மதிப் படம், மலைக்குடில் கமரா, இரவு வெப்பநிலை எல்லாவற்றையும் தோர்ண்டன் ஹீத் அறையில் இருந்து பார்த்துச் சொல்வான். "என்ர கண் லண்டனில இருக்கு," என்பான் லக்‌ஷன்.

வானிலைத் தளம் லண்டன் நேரத்தைக் காட்டும். சுவிசில் ஒரு மணித்தியாலம் முன்னே. எப்போதும் ஒன்றைக் கூட்டித்தான் சொல்லி வந்தான். அன்று கூட்டவில்லை. காரணம் ஒன்றுமில்லை. மறந்துவிட்டான். *பத்து மணிக்கு இறங்கு. அதுக்கு முன்னம் கண்ணாடி.*

அடுத்த நாள் அவன் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது பதில் வந்தது. *பத்து மணி. இறங்குறன் மச்சான்.* அடுப்புக்கு மேலிருந்த மணிக்கூட்டில் ஒன்பது. பகிடி விடுகிறான் என்று நினைத்தான். தண்ணீர் கொதித்தபோது விளங்கியது. பதினொரு தரம் அழைத்தான்.

அந்தச் செய்தி லக்‌ஷனின் போனில் இருந்தது. போன் லக்‌ஷனோடு கிடந்தது.

"ஸ்னோ கரைஞ்சாத்தான் உள்ளுக்க இறங்கி எடுக்க ஏலுமாம்," என்றாள் கஜந்தினி. "எப்ப கரையுமெண்டு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ அண்ணை. ஸ்னோ எங்க கிடக்கெண்டு கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள்தானே." பிறகு பீக்கனை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இதையும் கொண்டுபோங்கோ. இஞ்ச கிடந்தா நான் இருந்து இருந்து அமத்திக்கொண்டிருப்பன்."

அவன் வெளியேறியதும் கதவின் கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. பூட்டினால் உள்ளிருந்தும் சாவி இல்லாமல் திறக்க முடியாத கதவு. லக்‌ஷன்தான் போடுவித்தான்.

நிசாந்தனின் அறை ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருந்தது. திங்கள் காலை புதிய செய்மதிப் படம் வந்தது. வாய்க்காலின் அடிப்பகுதி அறுந்து, கறுப்புப் பாறை வெளியே தெரிந்தது. பீக்கனை அமத்திப் பார்த்தான். 34. குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரம் என்று நினைத்து, அதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். 34. அம்பு வாசற்கதவைக் காட்டியது. கருவியைத் திருப்பினான். அம்பும் திரும்பி மறுபடி கதவையே காட்டியது.

வெள்ளியன்று வந்த படத்தில் நடுப்பகுதியும் மெலிந்திருந்தது. 22.

அதன் பிறகு அவனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. அங்கே கரைவது இங்கே குறைகிறது. ஒவ்வொரு காலையும் கண்ணைத் திறந்ததும் மலையின் இரவு வெப்பநிலையைத்தான் பார்த்தான். குளிர் என்றால் நெஞ்சு இளகியது. வெயில் என்றால் சோறு இறங்கவில்லை. கஜந்தினி வெயிலுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தாள். அவன் உறைபனிக்காக வேண்டிக்கொண்டான். பன்னிரண்டு வருடம் தோளில் கைபோட்டுத் திரிந்தவன் பனிக்குள்ளேயே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். அப்படி வேண்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

பின்னேரங்களில் அவள் போன் எடுப்பாள்.

"இண்டைக்கு எப்பிடி அண்ணை?"

"இன்னும் கனக்கக் கிடக்கு."

"அவருக்குக் குளிரெண்டா ஏலாது," என்றாள் ஒருநாள். "கட்டிலுக்குள்ள சொக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிற மனுசன் ஸ்னோவுக்குள்ள என்னத்துக்குப் போனவரெண்டு கேளுங்கோ." சிரித்தாள். சிரிப்பு இடையில் உடைந்தது. அழுது முடியும்வரை அவன் போனைக் காதில் வைத்திருந்தான். சொல்லிவிட வாய் திறந்தான். "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான்.

ஜூன் இரண்டாம் கிழமை, 11. முதலில் மணம் வந்தது. நனைந்த கம்பளி, மயிர்ப்பட்டையின் பசை, அதற்கடியில் பழைய பனிக்குரிய இரும்பு மணம். கீழே கடைக்காரர் மாம்பழப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்த நண்பகலில், படியெல்லாம் மாம்பழம் மணக்க வேண்டிய நேரத்தில், அது வந்தது. நிசாந்தன் கருவியிலிருந்து பற்றறிகளைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான். திரை இருண்டது. அன்று முழுக்க நிம்மதியாக இருந்தான்.

அடுத்த நாள் காலை சத்தம் கேட்டது. படிக்கட்டின் அடியில்.

சர்... டக்.

மயிர்ப்பட்டை ஒட்டிய ஸ்கீயை முன்னே தள்ளினால் *சர்*. குதிகால் உயர்ந்து மறுபடி தட்டினால் *டக்*. மலையேறும்போது மணிக்கணக்காகக் கேட்கும் சத்தம் இதுதான். முன்னால் லக்‌ஷன், பின்னால் இவன். கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சத்தத்தின் பின்னால் போகலாம்.

சர்... டக்.

நின்றது. அவன் லாச்சியை இழுத்துப் பற்றறிகளைத் தேடினான். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருப்பதைவிட இலக்கம் பரவாயில்லை. இரண்டு தரம் பற்றறியைக் கீழே போட்டான்.

7.

செவ்வாய்க்கிழமை காலை கமராவில் வாய்க்கால் முழுதும் கறுப்பு. எட்டு மணிக்கு அபிஷன் அழைத்தான். சுவிசிலிருந்து பேசினான்.

"அண்ணை, உள்ளுக்க இறங்கிப் பாத்திட்டினம். ஸ்கீ கிடக்காம். போன் கிடக்காம்."

"அவன்?"

"ஆள் இல்லை அண்ணை." அபிஷனின் மூச்சுக் கேட்டது. "அதுக்குள்ள இருந்து வெளிய வர வழியே இல்லையெண்டு சொல்லினம். ஆனா ஆள் இல்லை."

நிசாந்தன் பீக்கனைப் பார்த்தான்.

3.

அறைக்கதவுக்கு அப்பால் படியின் கடைசிப் பலகை முனகியது.

அவன் சப்பாத்தைப் போட்டு, பீக்கனைக் கையில் எடுத்தான். சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே, அவளுக்கு நேரே. சொன்னால் போய்விடும். சொல்லாததால்தான் வருகிறது. மூச்சைப் பிடித்துக் கதவைத் திறந்தான். படிக்கட்டு வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு ஈரக்கோடுகள். ஏறியவை மட்டும். இறங்கியவை இல்லை.

விக்டோரியா நிலையத்துக்கு ரயிலில் நின்றுகொண்டே போனான். சன்னலுக்கு வெளியே வெயில், மாடிகளில் காயும் உடுப்பு, பந்தடிக்கும் பிள்ளைகள். 3. வேகமாக ஓடும் ரயிலில், 3. நிலத்தடி ரயிலில் காலை நெரிசல். ஆளோடு ஆள் ஒட்டி நின்றார்கள். அவனுக்குப் பின்னால் மட்டும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏன் விட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது. அந்த இடத்திலிருந்து அவன் பிடரியில் குளிர் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வால்தம்ஸ்டோ. வெளியே வந்தான். தெரு. பாதி வெட்டிய வேலி. பின்னால்:

சர்... டக்.

காய்ந்த தார் வீதியில்.

கஜந்தினி கதவைத் திறந்தாள். மாமனார் ஆனந்தராஜாவை வெம்பிளியில் அவர் மகள் வீட்டில் விட்டிருந்ததால் தனியே இருந்தாள். வெளியே போக வெளிக்கிட்டவள் போலக் கையில் சாவி இருந்தது.

"அபிஷன் சொன்னவன்," என்றாள். "ஆள் இல்லையாம்."

"கஜந்தினி, நான் ஒண்டு சொல்லோணும்." வாசற்படியில் நின்றபடியே சொன்னான். இடையில் நிறுத்தினால் சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னான். "நான் சொன்ன பத்து லண்டன் பத்து. அங்கத்தைப் பதினொண்டு. ஒரு மணித்தியாலம் கூட்டிச் சொல்ல மறந்திட்டன். அவன் என்ர சொல்லைக் கேட்டு ஒரு மணித்தியாலம் முந்தி இறங்கிட்டான். அதுதான் கண்ணாடியா இருந்தது. அதுதான் விழுந்தவன்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. சாவியைக் கைக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது நாளா நான் அபிஷனைத் திட்டிக்கொண்டிருந்தனான்," என்றாள். "அந்தப் பொடியனை."

"தெரியும்."

"தினம் பின்னேரம் உங்களோட கதைச்சனான்."

"ஓம்."

அப்போது அவள் கண்கள் அவன் தோளுக்கு மேலாகப் போயின. அங்கே நின்றன. அவள் முகம் மாறியது. பயமில்லை. ரயில் பிந்தி வந்த புருசனை வாசலில் காணும்போது வரும் முகம். கோபமும், அதற்கடியில் மற்றதும். மெல்லிய குரலில், அவனிடமல்லாமல், "எவ்வளவு குளிர்ந்துபோய்க் கிடக்கிறீங்கள்," என்றாள்.

கருவி கீச்சிட்டது. 2.

சொன்ன பிறகும் போகவில்லை.

"உள்ளுக்க வாங்கோ அண்ணை," என்றாள். குரல் தட்டையாக இருந்தது.

கால் தானாக உள்ளே போனது. நடையில் லக்‌ஷனின் சப்பாத்துகள். முன்னறை மணிக்கூட்டில் பத்தாக ஒரு நிமிடம். அவள் கதவை அகலப் பிடித்திருந்தாள். ஒருவர் நுழையத் தேவையானதைவிட நீண்ட நேரம். தோளில் நீளமான எதையோ சாய்த்துக்கொண்டு நுழைகிறவருக்கு விடும் அளவு. பழைய பனியின் மணம் நடையை நிறைத்தது. சுவர் ஓரமாக இரண்டு ஈரக்கோடுகள் நீண்டு, அவன் குதிகாலருகே வந்து நின்றன.

1.

"கஜந்தினி."

அவள் வாசற்படியைத் தாண்டி வெளியே நின்றாள். வெயிலில். செருப்புக்கூட இல்லை.

"அவர் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்," என்றாள். "நீங்கள் சொன்ன பத்துக்கு."

"கஜந்தினி, வேண்டாம்."

"நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ."

கதவு சாத்தப்பட்டது. மணிக்கூடு அடிக்கத் தொடங்கியது. அவன் காதருகே, உறைந்த துணி மடிவது போன்ற மெல்லிய நொறுங்கல். கைப்பிடி மேலே தூக்கப்பட்டது. வெளியிலிருந்து, சாவி இரண்டு தரம் திரும்பியது.