யென்னில் காட்டிய விலை

ஆர்த்தி படியேறி வந்தபோது பிற்பகல் மணி மூன்று. நாலு மணிக்குள் எதையாவது செய்தாக வேண்டும் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து திருமலைக்கு உட்கார முடியவில்லை. செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன், வயது நாற்பத்தாறு. மாடியில் இருக்கும் சந்திரகலாவுக்கு ஒரு வழக்கு வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பான். சந்திரகலா வங்கியில் மோசடிகளை விசாரித்தவர். வேலையை விட்ட பிறகு பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான்.

“தண்ணி குடிம்மா. அப்புறம் சொல்லு,” என்றார் சந்திரகலா.

அடி அண்ணாமலையில் பலராமன் என்பவர் இலவம்பஞ்சில் தியான மெத்தைகள் செய்கிறார். ஆசிரமத்துக்கு வந்துபோன வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகும் கேட்டதால், இரண்டு வருடத்துக்கு முன் ஆர்த்தி அவருக்கு ஓர் ஆன்லைன் கடை அமைத்துக் கொடுத்தாள். எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் அந்த நாட்டுப் பணத்தில் விலை தெரியும். போன சனிக்கிழமை, ஜப்பானிலிருந்து எழுதுவதாகச் சொல்லி ஒரு மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு விலை காட்டினீர்கள், இன்று வேறு விலை கேட்கிறீர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று உலகத்துக்கே சொல்வேன் என்றிருந்தது. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்.

“நான்தான் ரேட்டை மாத்தி விளையாடிட்டேன்னு பலராமன் அண்ணா தெருவுல நின்னு கத்திட்டாரு, மேடம். திருடின்னாரு. பதினோரு வருஷமா அவருக்கு உறை தைக்கிற எங்கம்மா அன்னைக்கே மிஷினை மூடிட்டாங்க. வாசலுக்குக்கூட வரதில்ல.”

“நாலு மணிக்கு என்ன?”

“ஆன்லைன் கடையை மூடிட்டு, மூணு வருஷத்துக்கு மொத்தச் சரக்கையும் ஏஜென்ட் மணிவேலுக்கே தரதா கையெழுத்துப் போடறாரு.”

சந்திரகலா படத்தை வாங்கிப் பார்த்தார். மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. இருநூறு மெத்தைகள். மொத்தம் ¥2,94,000. அடியில் சின்ன எழுத்தில், ‘1 ரூபாய் = 1.75 யென்’.

“அன்னைக்கு ரேட் இதானா?”

“இதேதான். அதான் எனக்குப் புரியல. மெத்தை ஒண்ணு ஆயிரத்து நானூறு ரூபா. இருநூறுக்கு நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம் யென் வரணும்.”

“ஜப்பான்ல ஒருத்தர் தன் போன்ல திறந்தா, நம்பரை எப்படிக் காட்டும்?”

“அந்த ஊரு வழக்கப்படி. கமா போடற இடம்கூட மாறும் மேடம். அந்த புரோகிராமை நான்தான் எழுதினேன்.”

சந்திரகலா ஒரு தாளில் இரண்டு வகுத்தல் போட்டார். பிறகு செருப்பைத் தேடினார்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அதற்குள் தடுப்புகள் வைத்துவிட்டார்கள். இரண்டு இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. திருமலை ஹாரனை விடாமல் அடித்தான்.

“பட்டறையில மெயிலுக்குப் பதில் போடற தமிழ்செல்விதான் பண்ணியிருக்கும் மேடம். அதுக்கும் ஆர்த்திக்கும் ஆகாதாமே!”

“ரோட்டைப் பாருங்க திருமலை,” என்றார் சந்திரகலா.

பட்டறையில் பத்திரம் மேசைமேல் விரிந்திருந்தது. மணி மூன்றே முக்கால். பலராமன் ஆர்த்தியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிவேல் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். சந்திரகலா அவசரப்படாமல் தமிழ்செல்வியிடம் கேட்டார்.

“நீங்க கடையைத் திறந்தா மெத்தை என்ன விலை காட்டுது?”

“ஆயிரத்து நானூறுங்க.”

“உங்களுக்கு, மணிவேல்?”

“எனக்கு ஏஜென்ட் விலை. நாப்பது பர்சென்ட் கம்மி. என் பாஸ்வேர்டு போட்டா அதான் வரும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

“அப்படி வேற யாருக்காவது வருமா?”

“இவர் ஒருத்தர்தான் ஏஜென்ட்,” என்றார் பலராமன் எரிச்சலோடு.

சந்திரகலா தாளை மேசையில் வைத்தார். “இந்தப் படத்துல இருக்கற யென்னை அதே ரேட்ல ரூபாயாக்கினேன். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். இருநூறால வகுத்தா மெத்தை ஒண்ணு எண்ணூத்தி நாப்பது. ஆயிரத்து நானூறுல நாப்பது பர்சென்ட் கம்மி. ரேட்ல தப்பே இல்ல. யென்னா மாத்தினது ஏஜென்ட் விலையை.”

திருமலை மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தான். தமிழ்செல்வியைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

“அவ கட்டின கடை,” என்று மணிவேல் குரலை உயர்த்தினார். “அவ நினைச்சா எதையும் காட்டுவா!”

“இருக்கலாம். ஆனா இதைப் பாருங்க. ரெண்டுக்கு அப்புறம் ஒரு கமா. ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம்னு நாம படிக்கிற மாதிரி. ஜப்பான் போன்ல இருநூத்தித் தொண்ணூத்தி நாலுக்கு அப்புறம்தான் கமா வரும். இது நம்மூர் போன்ல, யென்னைத் தேர்ந்தெடுத்து எடுத்த படம். கமா மாறும்னு தன் கையால எழுதின பொண்ணு, பொய்ப்படம் பண்ணும்போது அதையா கோட்டை விடுவா? பலராமன், யார் எப்ப உள்ள நுழைஞ்சாங்கன்னு கடையே குறிச்சு வைக்கும். ஒரு நிமிஷம் அவளைத் திறக்க விடுங்க.”

பலராமன் லேப்டாப்பை நகர்த்தினார். ஆர்த்தி பாஸ்வேர்டை அடித்து, உள்ளே நுழைந்தவர்களின் பட்டியலைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பத்து. ஏஜென்ட் மணிவேல். பணம்: யென்.

மணிவேல் பேனாவை மூடினார்.

“ரெண்டு வருஷமா எனக்குச் சரக்கே மிஞ்சல,” என்றார் மணிவேல் யாரையும் பார்க்காமல். “எல்லாம் கப்பல்லயே போகுது. கடையை மூடினா போதும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு மேல பழி விழும்னு நினைக்கல.”

“விழுந்தப்புறம் நாலு நாள் சும்மா இருந்தீங்களே,” என்றார் சந்திரகலா.

பலராமன் பத்திரத்தை இரண்டாகக் கிழித்தார். “நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா.”

ஆர்த்தி எழுந்து நின்றாள். “வேலை அப்புறம்ணா. எங்க வீட்டுக்கு வாங்க.”

பலராமன் ஆட்டோவில் ஏறினார். திருமலை இந்த முறை ஹாரன் அடிக்கவில்லை. ஆர்த்தியின் அம்மா பச்சையம்மாள் நிலைப்படிக்குள்ளேயே நின்று, அவர் தாழ்ந்த குரலில் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு செருப்பில்லாமல் தெருவுக்கு இறங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டையும் தட்டினாள். குழாயடியில் இருந்தவர்களைக் கைகாட்டி அழைத்தாள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்ததும் பலராமன் பக்கம் திரும்பினாள்.

“இப்ப சொல்லுங்க.”

“ஆர்த்தி திருடல,” என்றார் பலராமன். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“குழாயடி வரைக்கும் கேக்கல,” என்றாள் பச்சையம்மாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார்.