மெய்ப்படம்

செங்கோட்டுவேலுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அன்று காலை அவர் முப்பத்தைந்து வயதுக்காரராகத்தான் பல் துலக்கினார். கண்ணாடியில் தெரிந்த கறுகறு மீசையைத் தடவிக்கொண்டே, "பூங்கொடி, மாப்ள ஊட்டுக்காரங்க கெளம்பிட்டாங்களாம்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். அங்கே கேசரி கிண்டிக்கொண்டிருந்த மனைவி, அவர் கண்ணுக்குக் கல்யாணமான புதிதில் இருந்ததைவிட இளமையாக இருந்தாள்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் பிறக்கிற குழந்தைகளுக்குக் காது குத்துகிற அன்றே கண்ணுக்குள் விழிச்சில்லையும் பதித்துவிடுகிற காலம் அது. பார்ப்பதையெல்லாம் சில்லு பதிவு செய்யும். செய்தி வாசிக்கும், வழி சொல்லும், தூரத்துச் சொந்தங்களோடு பேசவைக்கும். நடுநடுவே, யாரும் கேட்காமலேயே, எதிரில் இருக்கிற முகத்தைத் திருத்தவும் செய்யும். நரை, தழும்பு, தொந்தி, தூக்கலான பல் எதையும் விட்டுவைக்காது. சுவரில் மழைத்தண்ணீர் ஒழுகிய கறையைக்கூடத் துடைத்துத்தான் காட்டும். வேண்டாமென்றால் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினால் போதும், அணைந்துவிடும். அழுத்தத்தான் ஊரில் ஆளில்லை.

பெண் பார்க்க வருகிற அன்று அவர்கள் மகள் மதிவதனி காலையிலிருந்தே ஒரே பிடிவாதமாக இருந்தாள். காரணம் அவள் சித்தி மகள் அமுதா. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து அமுதாவின் சில்லு ஒருநாள் பழுதாகி நின்றுபோனது. சமையலறைக்குள் முன்பின் பார்த்திராத ஒருத்தன் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அமுதா கூச்சல் போட்டு, கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று வைத்தாள். அடி வாங்கியது அவள் புருஷன். பாவம், நல்ல மனுஷன். முகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் பெண்டாட்டிக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லையே என்ற வருத்தத்தில் அவன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

"அம்மா, நெச மூஞ்சியப் பாக்காம நான் தலையாட்ட மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள் மதிவதனி.

"அதுக்குத்தான கண்ணு, உங்கப்பா கேமரா வாங்கியாந்திருக்குது?" என்றாள் பூங்கொடி.

ஆமாம், குட்டிக் கேமரா! ஒரு காலத்தில் செல்பேசி வந்து குப்பைத் தொட்டிக்கு அனுப்பிய அதே கேமராதான். சட்டைப் பைக்குள் அடங்கும், பொத்தானை அழுத்தினால் மூக்கை வெளியே நீட்டும். அதற்குப் பேசத் தெரியாது, செய்தி அனுப்பத் தெரியாது, பருவை மறைக்கிற சாமர்த்தியமும் கிடையாது. இந்தக் கையாலாகாத்தனத்துக்குத்தான் அத்தனை கிராக்கி. முதலில் பெரும் பணக்காரர்கள் மட்டும் ஏலத்தில் எடுத்தார்கள். அப்புறம் ஆளாளுக்குச் செய்து விற்க ஆரம்பிக்க, விலை சரசரவென்று இறங்கி, இப்போது உக்கடத்துச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் பங்களாக்காரர்கள் வீட்டில் மட்டும் நடந்த மெய்ப்படச் சடங்கு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கேமராவில் படம் எடுக்க வேண்டும். பிறகு சில்லை அணைத்துவிட்டு, கேமராத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். அணைக்காமல் பார்த்தால் சில்லு படத்தையும் திருத்தித் தொலைத்துவிடும்.

மாப்பிள்ளை இளம்பரிதி தன் தாயாரோடும் தரகர் நாச்சிமுத்துவோடும் வந்து இறங்கினான். மதிவதனியின் கண்ணுக்கு அவன் சினிமாக் கதாநாயகன் மாதிரி இருந்தான். அதில் அவளுக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. போன மாதம் வந்தவனும் அப்படித்தான் இருந்தான், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவரும் அப்படித்தான் இருந்தார்.

வெற்றிலைத் தட்டு, பழத்தட்டு, அதற்கடுத்த தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்த கேமரா. தரகர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மதிவதனி அவனைப் படம் எடுத்தாள். அவன் அவளை எடுத்தான்.

"விருந்தாளி மொதல்ல பாருங் மாப்ள" என்றார் தரகர்.

இளம்பரிதி காதுக்குப் பின்னால் அழுத்தி, திரையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். உதட்டோரம் சிரிப்பு வந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றான்.

மதிவதனிக்கே தன் மூக்கோரத்து மச்சத்தைப் பற்றித் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தன் சிரிக்கிறான், பிடித்திருக்கிறது என்கிறான்! இனி அவள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவள் தன் சில்லை அணைத்தாள். அடேயப்பா! சுவரெல்லாம் பாசி, சோபாவில் எண்ணெய்க் கறை, மின்விசிறியில் ஒட்டடை. பயந்துபோய்ச் சட்டென்று கேமராத் திரைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டாள். படம் வந்தது. ஏறிய நெற்றி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மூக்கு, அதற்குக் கீழே... திரை இருண்டது.

"ஐயோ, போச்சு!" என்று அலறினாள். "சார்ஜ் போச்சு!"

"ஏனம்மிணி, நேத்துத்தான் முழுசா ஏத்துனேனே?" என்றார் செங்கோட்டுவேல்.

பூங்கொடி முந்தானையைத் திருகினாள். கேசரியை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முந்திரி தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் பஜ்ஜியைத் தனியாக, கேசரியோடு சேர்த்து என்று காலையிலிருந்து அவள் எடுத்துத் தள்ளியதில் பேட்டரி காலி.

"சார்ஜர் எங்கீங்க?" என்று எழுந்தார் தரகர். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. செங்கோட்டுவேல் பீரோவைக் கவிழ்த்தார். மாப்பிள்ளையின் தாயார் தலையணை உறைக்குள் கைவிட்டுத் தேடினாள். வருங்கால மாமியாராயிற்றே என்று யாரும் தடுக்கவில்லை.

"என்ன முடிவு பண்ணிருக்கீங்க? நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க" என்று தரகர் அவசரப்படுத்தினார்.

"பாதி மூஞ்சிதானுங்க பாத்தேன்" என்றாள் மதிவதனி, அழுகிற குரலில். அந்தச் சாய்ந்த மூக்கு அவளுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. அதனாலேயே மீதி முகத்தைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

சோபாவுக்கு அடியில் ஒயர் மாதிரி எதுவோ தெரிந்தது. மதிவதனி மண்டியிட்டுக் குனிந்தாள். அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து இளம்பரிதியும் குனிந்தான். இரண்டு மண்டையும் நங்கென்று மோதிக்கொண்டன.

"ஐயய்யோ, அடி பட்டுருச்சுங்களா?" என்று பதறினான் அவன். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சில்லு அணைந்துதான் கிடந்தது. நெற்றி, மூக்கு, வாய், தாடை எல்லாம் எந்தத் திருத்தமும் இல்லாமல், பட்டப்பகல் வெளிச்சத்தில் அவள் எதிரே இருந்தன.

மதிவதனி நெற்றியைத் தேய்த்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயரை இழுத்து அதன் வாயில் செருகினாள்.

"பரவால்லீங்க" என்றாள். "கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும். உங்க மூஞ்சியப் பாக்காம நான் எப்படீங்க பதில் சொல்றது?"