ஆறு பேருக்கும் எழுபத்திரண்டு

எதையும் திறக்காமலேயே அனுமதி கேட்கும் அந்தப் பெட்டி கணினித் திரையில் வந்து நின்றது: 'இந்தக் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பிற்பகல் தனியாக இருந்த நர்ஸ், மருந்துக் குறிப்பை எழுதிக்கொண்டே, ஈயை விரட்டுகிற மாதிரி 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்துகிற ஆம்தான்.

கம்ப்யூட்டர்க்காரர் போன மாதமே தலையிலடித்துக்கொண்டார். "வீட்டுச் சாவிய யார் கேட்டாலும் தூக்கிக் குடுப்பீங்களா சிஸ்டர்?"

"நீங்க மாடியிலேருந்து இறங்கி வர்றதுக்குள்ள இங்க உயிர் போயிடும் சார். அட்மின் பாஸ்வேர்டக் குடுங்க, நானே பாத்துக்கறேன்."

கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் அந்தக் கணினியில், எதையும் மாற்றும் அதிகாரத்தோடு, அட்மினாகவே வேலை பார்த்தாள்.

மருந்து நெடியும் துடைத்த தரையின் ஈர வாடையும் ஏசிக் குளிரில் கலந்து கிடந்த அந்த அறையில், ஆறு படுக்கைகளின் மானிட்டர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்துவது காதுக்குப் பழகிப்போயிருந்ததால், சத்தம் நின்றுபோனது அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகு நிமிர்ந்து சுவர்த் திரையைப் பார்த்தாள்.

ஆறு பேருக்கும் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. ஆறு பச்சைக் கோடுகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின.

நாலாம் படுக்கைக்காரருக்குக் காலையிலிருந்து நூற்றிருபதுக்குக் குறையவே இல்லை. அவர் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பம்புகளையும் சுவாசக் கருவிகளையும் ஓட்டுவதும் அதே கணினிதான்.

திரைச்சீலையை விலக்கினாள். பம்பு நின்றிருந்தது. பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பில்லை.

அவசர மணியை அடித்தாள். ஒலிக்கவில்லை. செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

"சார், எல்லாத்தையும் நிறுத்துங்க! டாக்டர அனுப்புங்க!"

"முடியல சிஸ்டர்." கம்ப்யூட்டர்க்காரர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பது கேட்டது. "உள்ள ஏதோ புகுந்து என்னை வெளிய தள்ளிடுச்சு. எல்லாம் உங்க பேர்லதான் நடக்குது."

பக்கத்துப் படுக்கை. உதடு நீலம். அதற்கடுத்தது. கண் பாதி திறந்து.

இரண்டு கை. ஆறு பேர்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாலாம் படுக்கைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். அங்கிருந்து சுவர்த் திரை மட்டும்தான் தெரியும். எழுபத்திரண்டைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது. மகளை இடுப்பில் தூக்கி, விரல் நீட்டி, அந்த எண்ணைக் காட்டினாள்.

குழந்தை கையசைத்தது.