பின்வாசல் வழியே வந்தவன்

காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்த டாக்டர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"நாலு நாளாச்சு சார். எங்க சிறுநீரக மையத்துல ஒரு கம்ப்யூட்டர்கூடத் திறக்கல. எவனோ எல்லாத்தையும் பூட்டிட்டு, பணம் குடுத்தாத்தான் சாவின்னு உக்காந்திருக்கான். டயாலிசிஸ்ல யாருக்கு எவ்வளவு தண்ணி இறக்கணும், ரத்தம் உறையாம இருக்க எவ்வளவு மருந்துன்னு எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு. பாதிப் பேரை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். மீதிப் பேருக்கு எங்கேயும் இடமில்ல."

கேட்டுக்கொண்டிருந்தவர், காப்பீட்டு நிறுவனமொன்றில் இருபது வருடம் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். தலையே போகிற அவசரத்திலும் பதறாதவர் என்பதால் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றே அழைத்தார்கள். பக்கத்தில் நின்ற அவருடைய மைத்துனர் நேர் எதிர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். வழக்கு என்றால் விடுப்பு போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். இப்போதும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"போலீஸ்?" என்றார் நிதானம்.

"சொல்லியாச்சு. பாதுகாப்பு நிறுவனத்துலேருந்தும் ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒரு வருஷமா அவங்க ஆபீஸ்ல இருந்தபடியே எங்க கம்ப்யூட்டரையெல்லாம் காவல் காக்கறாங்க. இப்பத்தான் நேர்ல வந்திருக்காங்க. ஒருத்தர் திருடனோட பேரம் பேசறார். இன்னொருத்தர் பூட்டறதுக்கு முன்னாடி எடுத்து வெச்ச பழைய நகலைத் தேடி எடுக்கறார். ஆனா சார், நேத்து நல்ல நகல் ஒண்ணு கிடைச்சுது. ஒரு மணி நேரத்துல அதுவும் பூட்டிக்கிச்சு. எனக்கென்னமோ திருடன் உள்ளேயே இருக்கான்னு தோணுது."

அவர் ஒரு தாளை நீட்டினார். முந்தின நாள் மாலை திருடர்கள் அனுப்பியது.

'நாளை மதியம் வரைதான் நேரம். உங்கள் அப்பாவும் அந்த இயந்திரங்களை நம்பித்தானே இருக்கிறார்? அவரை நினைத்தாவது சீக்கிரம் முடிவெடுங்கள்.'

நிதானம் அதை இரண்டு முறை படித்தார். "அப்பா எப்படி இருக்கார்?"

டாக்டரின் முகம் வெளுத்தது. "அவர் இறந்து ஆறு வருஷமாச்சு. அவங்க… ஏதோ தப்பா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. முன்வாசல் படிகளுக்கு நட்டநடுவில் இடுப்புயரக் கறுப்புக் கல் ஒன்று நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். 'சிறுநீரகம் செயலிழந்து மறைந்த எங்கள் தந்தையின் நினைவாக' என்று அதில் பொறித்திருந்தது. மைத்துனர் பழக்கதோஷத்தில் எழுத்துப்பிழை தேடினார்.

வரவேற்பறையில் பேரம் பேசுகிறவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் திரையைச் சட்டென்று திருப்பிக்கொண்டார்.

"போலீஸ் சொன்னாத்தான் காட்டுவேன். நான் அனுப்பற ஒவ்வொரு வரியும் அவங்களுக்கும் போகுது. அதைத் தாண்டி என்கிட்ட எதையும் கேக்காதீங்க" என்றார். குரலில் எள்ளளவும் இனிமை இல்லை.

கணினி அறை கட்டடத்தின் கடைசியில் இருந்தது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறச் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அறையைத் தாண்டினால் பின்வாசல். அங்கே சக்கர நாற்காலிகளுக்கான சாய்தளத்துக்கு இரண்டு நாளாகச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நகலைத் தேடிக்கொண்டிருந்த மீட்புக்காரன் எழுந்து நின்று வரவேற்றான். நான்கு நாள் தாடி, சிவந்த கண்கள்.

"வாங்க சார். எப்படியாவது டாக்டரம்மாவுக்கு இதை எடுத்துக் குடுத்துடணும். பாவம், அவங்களும் எவ்வளவுதான் தாங்குவாங்க?"

"வெளியில ஹால்ல கூட்டத்தைப் பாத்தீங்களா?" என்றார் நிதானம்.

"எங்க சார்! வண்டியைப் பின்னாடி போட்டுட்டு நேரா இங்கதான். வேலை முடிஞ்சா அப்படியே கிளம்பிடுவேன்."

வெளியே வந்ததும் மைத்துனருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அத்தான், அந்தப் பேரக்காரன்தான்! நாள் முழுக்கத் திருடனோட பேசறான், திரையை மறைக்கறான். இந்தப் பையன் பாவம், உயிரை விட்டு வேலை செய்யறான்."

"மாப்பிள்ளை, அந்தக் கடிதத்துல பிழை இருக்கா?"

"எழுத்துப்பிழை இல்ல. அப்பா விஷயம் மட்டும் தப்பு. எங்கேயோ உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கேள்வி" என்றார் நிதானம்.

பதினொன்றரைக்கு டாக்டரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். நிதானம் தொலைபேசியில் அழைத்திருந்த பெண் காவல் ஆய்வாளரும் கதவருகே வந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் அரை மணி நேரமே இருந்தது. மைத்துனர் அதைப் பார்ப்பதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாகத் தவித்தார்.

"சரியான விஷயத்தைத் திருடின கோப்புலேருந்து எடுக்கலாம்" என்று ஆரம்பித்தார் நிதானம். "தப்பான விஷயத்தை அப்படி எடுக்க முடியாது. ஆறு வருஷம் முன்னாடி இறந்தவர் பேர் நோயாளிங்க கோப்புல இருக்காது. அப்ப யாரோ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கணும். கேட்டவரும் அதை நம்பியிருக்கணும். முன்வாசல் வழியா வர்ற யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அந்தக் கல்லே சொல்லிடும். பின்வாசல் வழியாவே வந்து போறவர் கண்ணுலதான் அது படாது. டாக்டர், அப்பா இங்க வர்றதா யார்கிட்ட சொன்னீங்க?"

டாக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு தலை குனிந்தபடி சொன்னார்.

"நேத்து மதியம், இவர்கிட்ட." கை மீட்புக்காரனைக் காட்டியது. "அந்த நகலும் போனப்புறம் எனக்குப் பைத்தியமே பிடிச்சிடுச்சு. யாரோ முகம் தெரியாத நோயாளிங்கன்னு அசால்ட்டா இருந்துடுவாரோன்னு பயம். எங்க அப்பாவும் இங்கதான் வரார், கொஞ்சம் வேகமாப் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதான் உங்ககிட்ட மறைச்சேன்."

மீட்புக்காரன் சிரிக்க முயன்றான். "ஆமா, சொன்னாங்க. நான் அதை இவர்கிட்ட சொன்னேன். இவர் பேரத்துல விட்டிருப்பார்."

பேரம் பேசுகிறவர் எழுந்தே விட்டார். "என்கிட்ட சொல்லியிருந்தா அங்கேயே உன்னைத் திருத்தியிருப்பேன்! நாலு நாளா அந்தக் கல்லைச் சுத்திக்கிட்டுத்தானே உள்ள வரேன்?"

"அவர் அனுப்பின எல்லாமே எங்ககிட்ட இருக்கு" என்றார் ஆய்வாளர். "அப்பாங்கற வார்த்தையே அதுல இல்ல. உங்க லேப்டாப்பைக் குடுங்க தம்பி."

அவன் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மைத்துனருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எங்க ஓட்டை இருக்குன்னு காவல் காக்கறவனுக்குத்தான் தெரியும்" என்றான் கடைசியில். "மூணு இடத்துல பண்ணியிருக்கேன். வெளியில ரெண்டு பேர் கூட்டு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது, பணம் வந்ததும் திறந்துடலாம்னு நினைச்சேன்."

டாக்டர் அவன் முன்னால் வந்து நின்றார்.

"எங்க அப்பா உயிரோட இருக்கார்னு நம்பினீங்க இல்ல? அவர் அந்த மெஷின்ல படுத்திருக்கார்னு நம்பிக்கிட்டேதானே அந்தக் கடிதத்தை எழுதினீங்க?"

அவன் மடிக்கணினியை ஆய்வாளரிடம் நீட்டினான்.

கணினி அறையில் ஆய்வாளர் பின்னால் நின்று பார்க்க, அவன் சாவியைத் தட்டச்சு செய்தான். இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை ஒவ்வொரு திரையாக உயிர் வந்தது. கூடத்திலிருந்து எழுந்த ஆரவாரம் அறைக்குள் கேட்டது.

செய்தி எப்படியோ பரவி, கால் வீங்கிய ஒரு தையல்கார அம்மாள் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கணினி அறை வாசலுக்கு வந்துவிட்டாள். கணினி முன் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீதானே ராசா திறந்து குடுத்தே? நீ நல்லா இருக்கணும்ப்பா."

மைத்துனர் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். சும்மா இருந்துவிடலாம், அந்த அம்மாள் சந்தோஷமாகப் போய்விடுவாள் என்று மைத்துனருக்குத் தோன்றியது.

டாக்டர் நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "இல்லம்மா. பூட்டினதும் இவர்தான்."

அந்த அம்மாளின் கூப்பிய கைகள் மெதுவாக மடியில் இறங்கின. அவனையே பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

அவன் மேசையைப் பார்த்தபடி இருந்தான். அவள் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரங்கள் இருந்த கூடத்தை நோக்கிப் போனாள். டாக்டர் எழுந்து பின்னாலேயே ஓடினார்.